கைக்கு எட்டுமா, ஒரே இழுப்புல வருமா?

பாய்மரப் படகு கேள்வி – பதில்

போன இதழ்ல நங்கூரம் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பாய் விரிச்சு ஓடிட்டு இருக்குற யாட்ல இருந்து ஆள் தண்ணில விழுந்துட்டா என்ன சாமான் வேணும், அதை எங்க மாட்டணும்னு. அதனால இந்தத் தடவை மத்ததெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன், இன்ஜின் ஆயில் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பூர்ல இருக்கோம். போன வருஷம் மலேசியாவோட லங்காவித் தீவுல 34 அடி ஸ்லூப் படகு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். பின்னாடி கம்பில குதிரை லாட வடிவத்துல ஒரு மஞ்சள் ஹார்ஸ்ஷூ மிதவை தொங்குது, பக்கத்துலயே ஒரு லைட்டும் இருக்கு. சர்வேயர் சேஃப்டி சாமான் இருக்குன்னு டிக் பண்ணிட்டார். இது போதுமா? வாங்கணும்னா முதல்ல எதை வாங்கறது? பெரும்பாலும் நாங்க ரெண்டே பேர்தான் போவோம். அவர் 92 கிலோ, நான் 51. – வாசகி, சிங்கப்பூர்

பதில்: ம்மா, உங்க கடிதத்துலயே முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான், 92ம் 51ம். சர்வேயர் டிக் பண்ணினது சாமான் இருக்குன்னு மட்டும்தான், அது வேலை செய்யுமான்னு இல்ல. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. மெரினால கட்டியிருக்கும்போதே வீட்டுக்காரரை கேபின் உள்ள அனுப்பிடுங்க, மேல இருந்தா 'அப்படி இல்ல, இப்படி இழு'ன்னு சொல்லிட்டே இருப்பார். நீங்க மட்டும் வீல்கிட்ட நின்னு, ஒரு கை வீல்லயே இருக்க, இன்னொரு கையால அந்த ஹார்ஸ்ஷூவ எடுத்து தண்ணில போடுங்க. 5 செகண்டுக்குள்ள போட முடிஞ்சா பரவால்ல, நல்லா மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

எங்க படகுல முதல் தடவை இதைப் பண்ணினப்போ என் வீட்டம்மாவால எடுக்கவே முடியல. மெரினால மிதவை திருட்டுப் போகுதுன்னு யாரோ சொன்னாங்கன்னு நானே ஒரு கேபிள் டை போட்டு அதுக்கு மேல ஒரு முடிச்சும் போட்டிருந்தேன், போட்டதே மறந்து போச்சு. 'நீங்க விழுந்திருந்தா நான் கத்திரிக்கோல் தேடிட்டு இருந்திருப்பேன்'னு சொன்னா, இன்னிக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு.

ஏன் 5 செகண்டுன்னா, 6 நாட் வேகத்துல போற படகு ஒரு செகண்டுக்கு 3 மீட்டர் நகருது. 10 செகண்ட் தடுமாறினா 30 மீட்டர், ஒரு நிமிஷம் போனா 185 மீட்டர். ஒரு மீட்டர் அலை இருந்தாலே 100 மீட்டருக்கு அப்பால ஒரு மனுஷன் தலை தெரியறதும் மறையறதுமா இருக்கும், தேங்கா மிதக்குற மாதிரிதான், அதுலயும் மலாக்கா நீரிணைல ராத்திரி சுமாத்ரா காத்து மழையோட வந்து அடிக்கும்போதுன்னா கேக்கவே வேணாம். உங்க பக்கத்துக் கடல் வெதுவெதுப்பா இருக்கு, குளிர்ல உடனே உயிர் போயிடாது, அது ஒரு புண்ணியம். ஆனா ஆளைத் தொலைச்சுட்டா வெதுவெதுப்பு இருந்து என்ன பிரயோஜனம். அதனால மிதவை மிதக்க வைக்கறதுக்கு மட்டும் இல்ல, எங்க விழுந்தார்னு காட்டுற அடையாளத்துக்கும்தான்.

இப்ப உங்க மஞ்சள் ஹார்ஸ்ஷூவுக்கு வருவோம். கவரைக் கழட்டிப் பாருங்க, வெயில்ல வருஷக்கணக்கா தொங்கினதுன்னா உள்ள ஃபோம் கையில மாவா உதிரும், இல்ல தண்ணி குடிச்சு கனமா இருக்கும். அப்படின்னா தூக்கிப் போட்டுடுங்க, புதுக் கவர் போட்டு ஏமாத்தாதீங்க. ஃபோம் நல்லா இருந்தா அதுல ட்ரோக் இருக்கான்னு பாருங்க. ட்ரோக்னா குட்டி பாராசூட் மாதிரி ஒரு துணிப்பை, தண்ணிக்குள்ள விரிஞ்சு மிதவையப் பிடிச்சு வைக்கும். அது இல்லாத ஹார்ஸ்ஷூவ 20 நாட் காத்து நீந்திப் பிடிக்க முடியாத வேகத்துல தள்ளிட்டுப் போயிடும், விழுந்தவர் கண்ணு முன்னாடியே. ட்ரோக், லைட்டு, விசில், மூணும் ஹார்ஸ்ஷூவோட கட்டியிருக்கணும். படகு பேரை பெரிய எழுத்துல எழுதி, வெளிச்சம் பட்டா மின்னுற டேப்பும் ஒட்டிடுங்க.

லைட்டு விஷயத்துல முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. அது தானா எரியற லைட்டு, தலைகீழா தொங்கும்போது அணைஞ்சு இருக்கும், தண்ணில விழுந்து நிமிர்ந்ததும் எரியும். அதனால பிராக்கெட்ல கண்ணாடிப் பக்கம் கீழ பார்க்குற மாதிரி மாட்டணும். அழகா இருக்குன்னு நிமிர்த்தி மாட்டினா எரிஞ்சுட்டே இருக்கும், 'ஏதோ ரிப்பேர்'னு பேட்டரியக் கழட்டி டிராயர்ல போட்டுடுவாங்க, இப்படி பேட்டரி இல்லாம தொங்குற லைட்டை நான் எத்தனையோ படகுல பார்த்திருக்கேன். உங்களதையும் திறந்து பாருங்க, உள்ள பச்சையா பூத்துப் போன பேட்டரி கிடந்தாலும் ஆச்சரியம் இல்ல.

மாட்டுற இடம். பின்னாடி இருக்குற ஸ்டீல் கம்பி வேலி, புஷ்பிட்னு சொல்றோமே, அதுலதான். பிராக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி குழாய் விட்டத்தை அளந்துட்டுப் போங்க, 22 மில்லியும் இருக்கு 25 மில்லியும் இருக்கு, மாத்தி வாங்கினா கிளாம்ப் சுத்திட்டே இருக்கும். எந்தப் பக்கம்னு கேட்டா, காத்து வர்ற பக்கம் உக்காந்து ஓட்டும்போது எதிர்ப்பக்க மூலைல இருக்குறது கைக்கு எட்டாது, டேக் மாத்தி காத்து இன்னொரு பக்கம் வந்தா நிலைமை தலைகீழ். அதனால ஒண்ணுதான் இருக்குன்னா நடுவுல, பாய்மரத்தைப் பின்னாடி இழுத்துப் பிடிக்குற பேக்ஸ்டே கம்பி பக்கமா கொண்டு வாங்க. பெரிய அலைல அடிச்சுட்டுப் போயிடுமேன்னு பயமா இருந்தா முடிச்சு போடாதீங்க, வெல்க்ரோ பட்டை போடுங்க, இல்ல கம்பளி நூல் ஒரு சுத்து, இழுத்தா பட்டுனு அறுந்துடணும். அப்புறம் ஒரு வயித்தெரிச்சல் இருக்கு, சொல்லியே ஆகணும். நம்ம மெரினாக்கள்ல நடந்து பாருங்க, புஷ்பிட்ல கைக்கு எட்டுற நல்ல இடத்துல பார்பிக்யூ அடுப்பு இருக்கும், அடுத்த நல்ல இடத்துல அவுட்போர்டு மோட்டார், மிதவை பாவம் சோலார் பேனலுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துட்டு இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை மீன் சுடறதுக்கு எதுக்குங்க அந்த இடம்?

சரி, புதுசா என்ன வாங்கறதுன்னா, ரெண்டே பேர் போற படகுக்கு என் முதல் ஓட்டு லைஃப்ஸ்லிங்குக்கு. அமெரிக்கால சியாட்டில்ல இருக்குற பாய்மரக்காரங்க, கணவன் மனைவி மட்டும் போற படகுல அவர் விழுந்தா அந்தம்மா தனியா எப்படித் தூக்குவாங்கங்கற கேள்விக்காகவே யோசிச்சு உருவாக்கினது. மெத்துன்னு ஒரு மிதக்குற வார், அதுல 45 மீட்டர் மிதக்குற கயிறு, எல்லாம் ஒரு பையில புஷ்பிட்ல தொங்கும். அதைத் தண்ணில போட்டுட்டு விழுந்தவரைச் சுத்தி படகை வட்டம் அடிக்கணும், வாட்டர் ஸ்கீக்காரனுக்கு கயிறு கொண்டு வந்து குடுக்குற மாதிரி. கயிறு தானா அவர்கிட்ட போகும், குறி பார்த்து வீச வேண்டிய அவசியமே இல்ல. அவர் வாரை கக்கத்துக்குக் கீழ போட்டதும் பாயை இறக்கி படகை நிறுத்திட்டு கையால இழுக்கணும். பக்கத்துல வந்ததும் இன்ஜின் நியூட்ரல்ல இருக்கணும், மிதக்குற கயிறுதான், ஆனாலும் ப்ரொப்பெல்லருக்கு அது தெரியாது.

இங்க ஒரு குழப்பம் ரொம்பப் பேருக்கு. ஹார்ஸ்ஷூ படகோட கட்டியிருக்கவே கூடாது, அது விழுந்தவர்கூட அங்கயே நிக்கணும். லைஃப்ஸ்லிங் கயித்து நுனி படகோட கட்டியிருந்தே ஆகணும், அதுவும் கம்பி வேலில இல்ல, கயிறு கட்டுற பின் க்ளீட் மாதிரி உறுதியான இடத்துல. மாத்திக் கட்டினா ரெண்டுமே வீண். கயித்தைச் சுருட்டி வைக்காதீங்க, நுனில இருந்து கொஞ்சம் கொஞ்சமா பைக்குள்ள திணிச்சுட்டே வாங்க, அப்பத்தான் சிக்காம வரும். வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துத் தடவிப் பாருங்க, அந்த பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயில்ல வெறப்பாகி தும்பு தும்பா உதிரும்.

கடைசியா தூக்கறது, இதுதான் யாரும் யோசிக்காத இடம். 92 கிலோ ஆள், நனைஞ்ச துணி, ஒரு மீட்டருக்கு மேல உயரமான படகுப் பக்கச்சுவர். கையால தூக்க ரெண்டு ஆம்பளைங்களாலயே முடியாது, நீங்க முயற்சி பண்ணினா நீங்களும் உள்ள போயிடுவீங்க. பாய் ஏத்துற கயிறு, ஹால்யார்டு, எதாவது ஒண்ணைக் கீழ இறக்கி வார்ல மாட்டி, கயிறு இழுக்குற உருளை இருக்கே விஞ்ச், அதுல சுத்திட்டு, லோ கியர்ல ஹேண்டிலைத் திருப்பினா உங்க 51 கிலோவே போதும். ஹால்யார்டு அந்த இடம் வரைக்கும் வருதா, விஞ்ச்சுக்கு நேரா போகுதான்னு மெரினாலயே பார்த்துக்கோங்க. வரலன்னா 5:1 கப்பி செட் ஒண்ணு தனியா பையில கட்டி வெச்சுக்கோங்க, அதை ஹால்யார்டால மேல ஏத்திட்டு கப்பியால தூக்கலாம். பக்க வேலிக் கம்பிய பின் நுனில டர்ன்பக்கிள் போட்டு இறுக்காம மெல்லிசான கயித்தால கட்டி வெச்சீங்கன்னா கத்தியால ஒரு வெட்டு, வேலி கீழ வந்துடும், ஆளை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்ல. பின்னாடி ஏணி இருக்கேன்னு நினைக்காதீங்க, அலை இருக்கும்போது படகோட பின்பக்கம் மேலயும் கீழயும் சம்மட்டி மாதிரி அடிக்கும், அமைதியான தண்ணின்னா மட்டும்தான் ஏணி.

ரொம்ப நேரம் தண்ணில கிடந்தவரைன்னா முடிஞ்சவரைக்கும் படுத்த வாக்குல தூக்கப் பாருங்க, செங்குத்தாத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கி மயங்கறது உண்டு.

கேள்வி: கொடி வெச்ச கம்பு மிதவை, டேன்பாய், அதுல நீளக் கம்பு வாங்கறதா, காத்து ஊதி நிக்கறது வாங்கறதா? – பினாங்கு வாசகர்

பதில்: தூரம் போகாம கரையோரம் மட்டும் போறவரா இருந்தா ஹார்ஸ்ஷூ நல்லா இருந்தாலே போதும். ராத்திரி ஓட்டம், லங்காவில இருந்து ஃபூகெட், அதுக்கும் மேலன்னா டேன்பாய் வாங்குங்க. உலக பாய்மர அமைப்போட கடல் ரேஸ் விதியில கொடி தண்ணிக்கு மேல 1.8 மீட்டராவது நிக்கணும்னும், மடக்குக் கம்புன்னா 20 செகண்டுக்குள்ள தானா நீளணும்னும் போட்டிருக்கு, ரேஸ் ஓடாட்டியும் அந்த அளவு நியாயமானதுதான். நீளக் கம்புல கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா மாட்டறது கஷ்டம், அடிப்பக்கம் புஷ்பிட்ல ஒரு குழாய்க்குள்ள, மேல்பக்கம் பேக்ஸ்டேல ஒரு உறைக்குள்ள, உருவினா வரணும். அதையும் ஹார்ஸ்ஷூவையும் சேர்க்குற 3 மீட்டர் கயிறு வேலிக் கம்பிக்கு எல்லாம் வெளிய ஓடணும், உள்ள புகுந்து போச்சுன்னா ரெண்டும் வேலியக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கும். காத்து ஊதறது சின்னப் பையில அடங்கும், பெண்கள் பெரியவங்க யார் வேணா சுலபமா போடலாம், ஆனா சிலிண்டரும் வருஷா வருஷம் சர்வீஸும் பார்க்கணும். சர்வீஸ் பண்ற பழக்கம் இல்லாதவரா இருந்தா நீளக் கம்பு வாங்குங்க தம்பி, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். எதை வாங்கினாலும் ஃபோம் மிதவை ஒண்ணாவது படகுல இருக்கட்டும், எல்லாத்தையும் காத்தை நம்பி வைக்காதீங்க.

கேள்வி: அங்கிள், சென்னை துறைமுகத்துல டிங்கி ஓட்டிப் பழகினேன், இப்ப சனி ஞாயிறுல நண்பர்களோட ஒரு பெரிய யாட்ல க்ரூவா போறேன். தானா ஊதற லைஃப் ஜாக்கெட் வாங்கினேன், லாக்கர்ல வெச்சிருந்தது நவம்பர் மழை சமயத்துல யாரும் தொடாமலே டொப்புனு ஊதிடுச்சு. ஜாக்கெட்டே மட்டமா? – வாசகி, ராயபுரம்

பதில்: ஜாக்கெட் மட்டமில்ல கண்ணு, நம்ம ஊர் காத்து அப்படி. ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல தண்ணில கரையற ஒரு வில்லை, அது கரைஞ்சதும் ஸ்பிரிங் போய் சிலிண்டரைக் குத்தும். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல அப்பளமே நமுத்துப் போகுது, அந்த வில்லை நமுக்காதா. இன்னொண்ணு தண்ணி அழுத்தம் பட்டாத்தான் திறக்கும், ஹைட்ரோஸ்டேட்டிக்னு சொல்வாங்க, ஈரம் மழை அலைத் தெறிப்பு எதுக்கும் அசையாது. விலை கூட, ஆனா டெக்ல முன்னாடி அணியத்துல நின்னு நனையற வேலை உங்களோடதுன்னா அதையே வாங்குங்க. பழசையே வெச்சுக்கறதா இருந்தா லாக்கர்ல வேணாம், காத்தாட தொங்க விடுங்க, வில்லைல போட்டிருக்குற தேதி தாண்டாம மாத்துங்க.

எந்த வகைன்னாலும், 150 நியூட்டன் மிதப்பு சக்தி இருக்குற ஜாக்கெட்டுக்கு பெரும்பாலும் 33 கிராம் கேஸ் அடைச்ச சிலிண்டர் வரும், அது படகு அதிர்வுல தானா லூஸ் ஆகும், லூஸானா ஊசி குத்தினாலும் கேஸ் சரியா உள்ள போகாது. ஒவ்வொரு தடவை போடறதுக்கு முன்னாடியும் கையால ஒரு திருகு. சிலிண்டர் மேலயே மொத்த எடை பொறிச்சிருப்பாங்க, அம்மாவோட சமையல் தராசுல வெச்சுப் பாருங்க, குறைஞ்சா கேஸ் போயிடுச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை வாயால ஊதி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலைல தொய்ஞ்சிருந்தா அதுக்கு ஓய்வு குடுத்துடலாம்.

முக்கியமா தொடை வழியா வர்ற பட்டை, அதைப் போட எல்லாருக்கும் கூச்சம், மடிச்சு உள்ள வெச்சுடறாங்க. அது இல்லன்னா தண்ணில ஜாக்கெட் மேல ஏறி காதைத் தாண்டிப் போகும், ஆள் கீழ தொங்குவார், மூக்கு தண்ணி மட்டத்துல. ஃப்ளைட்ல கொண்டு வர்றவங்க கவனத்துக்கு, சிலிண்டர் இருக்குன்னு ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிடுங்க, இல்லன்னா செக்யூரிட்டில சிலிண்டரை மட்டும் பிடுங்கிட்டு காலி பையக் குடுத்து அனுப்புவாங்க.

கேள்வி: சார், பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்கு. ஆள் விழுந்தா சிக்னல் அனுப்புற கருவில ஏஐஎஸ் பீக்கனா, பிஎல்பியா? – மெல்பர்ன் வாசகர்

பதில்: உங்களைத் தேடி யார் வரணும்ங்கறதுதான் கேள்வி. பிஎல்பி 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட்டுக்குச் சொல்லும், அது கரைல இருக்குற மீட்பு மையத்துக்குப் போகும், அவங்க ஆள் அனுப்புவாங்க. நம்ம இந்தியப் பக்கம்னா பெங்களூர்ல இஸ்ரோ மையத்துக்குப் போய் அங்க இருந்து கோஸ்ட் கார்டோட மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மையங்களுக்குப் போகும். உலகத்துல எங்க இருந்தாலும் வேலை செய்யும், ஆனா உதவி வந்து சேர மணிக்கணக்கு ஆகலாம். ஏஐஎஸ் பீக்கன் சில மைல் சுத்துவட்டாரத்துல இருக்குற படகுகளோட திரைல நீங்க எங்க மிதக்கறீங்கன்னு புள்ளி போட்டுக் காட்டும், அந்தச் சில மைலுக்குள்ள உங்க படகும் இருக்கு பாருங்க, சீக்கிரமா வரப் போறது அதுதான். அதனால கூட ஆள் இருக்குற படகுன்னா ஏஐஎஸ், தனியா போறவர்னா பிஎல்பி. தனியா போறவர் விழுந்தா ஏஐஎஸ் சிக்னலைப் பார்க்க படகுல யாரும் இல்லையே.

வாங்கினா மட்டும் ஆகாது. பீக்கனோட எண் 972ல ஆரம்பிக்கும், கடல் வரைபடம் காட்டுற திரை இருக்கே ப்ளாட்டர், புதுசுன்னா அதைப் பார்த்ததும் அலறும், பழைய ப்ளாட்டர் சில அதை ஏதோ ஒரு கப்பல்னு நினைச்சு சும்மா முக்கோணம் போட்டுட்டு இருக்கும். டெஸ்ட் மோட்ல ஒரு தடவை அனுப்பி உங்க திரைல என்ன வருதுன்னு பாருங்க, அலாரம் ஆஃப் பண்ணி வெச்சிருந்தா ஆன் பண்ணுங்க. ஜாக்கெட்டுக்குள்ள மாட்டும்போது வாயால ஊதற குழாய்ல கிளிப் பண்ணி, ஊதினதும் இழுபடுற நாடாவ புத்தகத்துல போட்டிருக்குற மாதிரியே சுத்துங்க, மாட்டினதும் ஒரு தடவை வாயால ஊதிப் பாருங்க, ஆன்டெனா நிமிர்ந்து நிக்கணும், ஜாக்கெட்டுக்கு அடியில மாட்டிக்கக் கூடாது. பிஎல்பின்னா உங்க பேர்ல பதிவு பண்ணுங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கி பழைய ஓனர் பேர்லயே விட்டீங்கன்னா கோஸ்ட் கார்டு அவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணுவாங்க, அவர் சோஃபால உக்காந்து டிவி பார்த்துட்டு 'நான் நல்லாத்தானே இருக்கேன்'னு சொல்லுவார்.

கேள்வி: அண்ணை, நான் லண்டனில இருக்கிறன். வசந்த காலம் தொடங்கினா தெற்கு இங்கிலாந்தில சோலன்ட் கடல் பக்கம் சிநேகிதன்ர யாட்டில போறனாங்கள். அவன் எல்லாரையும் டெதர், அதான் ஆளைப் படகோட பிணைக்கிற பட்டி, கொழுவச் சொல்லுறான். கொழுவியிருந்தா மிதவையள் எல்லாம் தேவையில்லையோ? – வாசகர், ஹாரோ

பதில்: உங்க சிநேகிதர் கெட்டிக்காரர். ஏப்ரல்ல அங்க தண்ணி 10 டிகிரி பக்கம், விழுந்த முதல் நிமிஷம் மூச்சே கட்டுல இருக்காது, பத்து நிமிஷத்துல விரல் மடங்காது, அப்புறம் கயித்தை வீசினாலும் பிடிக்கறது யார். அதனால அங்க விழாம இருக்கறதுதான் முதல் சாமான். பிரான்ஸ் நாட்டுக்காரங்க கொண்டாடுற எரிக் தபார்லி, வாழ்நாள் முழுக்க கடல்ல கிடந்த மனுஷர், 1998 ஜூன் மாசம் ஐரிஷ் கடல்ல ராத்திரி பாயைக் குறைக்கும்போது மரக்கம்பு அடிச்சு விழுந்தார், டெதரும் இல்ல ஜாக்கெட்டும் இல்ல, படகுல இருந்தவங்களால மீட்க முடியல. அனுபவம் மிதக்காது.

ஆனா கொழுவியிருந்தா மட்டும் போதும்னு நினைக்காதீங்கோ. 2011ல இங்கிலாந்துத் தெற்குக் கரைக்கு வெளிய ஒரு யாட்ல ஸ்கிப்பர் டெதரோட, ஊதின ஜாக்கெட்டோட படகுப் பக்கத்துல இழுபட்டே மூழ்கிப் போனார், நீளமான டெதர் ஆளைத் தண்ணிக்குள்ள வெச்சே இழுக்கும். 2017ல க்ளிப்பர் உலக ரேஸ்ல டெதர் கொக்கி டெக்ல இருந்த க்ளீட்டுக்கு அடியில மாட்டி பக்கவாட்டுல இழுபட்டு வளைஞ்சு விட்டுடுச்சு, ஆளைத் திரும்ப எடுத்தாங்க, உயிர் இல்ல. இதுல இருந்து ஜாக்லைன், அதாவது டெதரைக் கொழுவ டெக் நெடுக ஓடுற பட்டை, மாட்டறவங்களுக்கு என்னன்னா, முடிஞ்சவரை படகு நடுவுல ஓட்டுங்க, ஓரமா இல்ல, நடுவுல இருந்தா 1 மீட்டர் குட்டை டெதரால வேலிக்கு வெளிய விழவே முடியாது. பின் நுனி வரைக்கும் கொண்டு போகாம கொஞ்சம் முன்னாடியே முடிச்சுடுங்க, இல்லன்னா விழுந்தவர் படகுக்குப் பின்னாடி இழுபடுவார். வயர் வேணாம், காலடில உருளும், தட்டையான பாலியஸ்டர் பட்டைதான் நல்லது, ஓட்டம் முடிஞ்சதும் கழட்டி உள்ள வைங்க, வெயில் அதைத் தின்னும். கொக்கி போய் மாட்டக்கூடிய க்ளீட் எதாவது பக்கத்துல இருக்கான்னு டெதரைக் கையில பிடிச்சு முழு நீளமும் நடந்து பாருங்க. வேலிக் கம்பில ஒருநாளும் கொழுவாதீங்க. கேபின் படி வாசல்கிட்ட ஒரு கொழுவுற வளையம் இருக்கணும், வெளிய கால் வைக்கறதுக்கு முன்னாடியே கொழுவ.

நம்ம கடற்படை அதிகாரிங்க, புதுச்சேரிப் பொண்ணு ரூபா அழகிரிசாமியும் தில்னாவும், 2024 அக்டோபர்ல கோவால கிளம்பி தாரிணிங்கற 56 அடி பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்திட்டு 2025 மே மாசம் வந்தாங்களே, ரெண்டு பேர்தான். ஒருத்தி தூங்கினா இன்னொருத்தி டெக்ல தனி. தெற்குக் கடல்ல அந்த நேரத்துல விழுந்தா மிதவைய வீசக்கூட ஆள் இல்லன்னு நினைச்சுப் பார்த்தா உங்க சிநேகிதர் கத்தறது கோவமா தெரியாது. மிதவையும் வேணும் தம்பி, கொழுவ மறக்குற அந்த ஒரு நாளுக்கு.

கேள்வி: அண்ணாச்சி, நாங்க வள்ளத்துல 20 லிட்டர் காலி கேன்தான் மிதவைக்கு வெச்சிருக்கோம். யாட்டுக்காரங்க இதைப் பார்த்துச் சிரிக்காங்க. – தூத்துக்குடி வாசகர்

பதில்: சிரிக்கறவங்களை விடுங்க. மூடி இறுக்கமா இருக்குற 20 லிட்டர் கேன் ஒரு ஆளைத் தாராளமாத் தாங்கும். ஒண்ணே ஒண்ணு, காலி கேன் காத்துல பறந்து போகும், கால் பங்கு தண்ணி ஊத்தி மூடுங்க, பிடிக்க ஒரு கயித்து வளையம் கட்டி, ஆரஞ்சு பெயின்ட் அடிங்க. யாட்டுக்காரங்களுக்கும் சொல்றேன், ஆள் விழுந்த நேரத்துல மிதக்கறது எது கைல கிடைச்சாலும் வீசுங்க, மெத்தை, படகு உரசாம தொங்க விடுற ஃபெண்டர், கேன், எல்லாம் வரிசையா மிதந்து திரும்பி வர்ற வழியக் காட்டும். நம்ம கரைல கோஸ்ட் கார்டு நம்பர் 1554, செல்ஃபோன்ல ஏத்தி வெச்சுக்கோங்க, விஹெச்எஃப் ரேடியோ இருந்தா சேனல் 16.

கேள்வி: ஒத்திகைக்கு என்னத்தை விழ வைக்கறது? ஆளையே குதிக்கச் சொல்லலாமா? – சிங்கப்பூர்ல இருந்து இன்னொருத்தர்

பதில்: வேணவே வேணாம்! ஃபெண்டர் ஒண்ணோட பக்கெட் கட்டிப் போடுங்க, பக்கெட் தண்ணில முங்கி காத்துல ஓடாம பிடிச்சு வைக்கும். எங்க ஃபெண்டருக்கு பேரு முருகேசன். ஸ்கிப்பர் ஓட்டக் கூடாது, அன்னிக்கு அவர்தான் முருகேசன், வாயை மூடிட்டு ஓரமா உக்காரணும். போன ஞாயித்துக்கிழமை என் வீட்டம்மா முருகேசனை நாலு நிமிஷத்துல பிடிச்சா. ஏத்தறதுக்கு மட்டும் இன்னும் பன்னெண்டு ஆச்சு, ஹால்யார்டு ஷாக்கிள் துருப்பிடிச்சுத் திறக்கல, சனிக்கிழமை அதை மாத்தணும்.